பற்றாசு

ஏற்காட்டில் விற்றுப்போன பங்களாவிலிருந்து
காப்பி மூட்டைகளோடு இறங்கி வந்தன
பதினோரு பறவைகள்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
ஒன்றுக்கும் தலைசுற்றவில்லை.
அஸ்தம்பட்டியில் வாடகைக்கு எடுத்த கூடத்தில்
சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன.
குறிப்பு எழுதுவது என் வேலை.
படத்துக்கு நாற்பது சொல்லுக்கு மேல் கூடாது,
சொல்லுக்கு மூன்று ரூபாய்.

சேவலை முடித்தாயிற்று: கொடி, விடியல், போர்.
அன்னத்துக்குப் பாலும் நீரும் போதும்.
கொக்குதான் கொஞ்சம் தகராறு செய்தது,
தவமா மீனா என்று.
இரண்டையும் எழுதி
ஆறு ரூபாய் கணக்கு வைத்தேன்.

கிளியிடம் வரும்போது உச்சிப்பொழுது.
தாளில் முக்கால்வாசி வெறுமை.
வலப்பக்கமிருந்து நீண்டு வரும் மாங்கிளை
நடுவுக்கு வராமலே நின்றுவிடுகிறது.
அதன் நுனியில், கீழ்மூலைக்குச் சற்று மேலே, கிளி.
பார்வை இடப்பக்கத்து ஒன்றுமில்லாமைக்குள்.
நிழல் கிடையாது,
ஆகவே படத்துக்குள் மணியும் கிடையாது.
வால்நுனி மட்டும் சிவப்பு ஓரக்கோட்டைத் தாண்டி
ஒரு நெல்லளவு வெளியே இறங்கியிருக்கிறது.
கைதவறியிருக்க வழியில்லை,
இறகிறகாய் எண்ணி வைத்தவன்.

எழுதினேன்:
கிளி காமனின் வாகனம், காதலின் தூது.
வெறுமை, அது கடக்கப்போகும் வானம்.
கோட்டை மீறும் வால், அடங்காத வேட்கை.
காலில் வெள்ளி வளையம், அரண்மனைச் செல்வம்.
அழகாகத்தான் இருந்தது.

சட்டம் வெள்ளி என்றார்கள்.
மதிப்புப் போட
சிவதாபுரத்திலிருந்து நாகரத்தினம் வந்தாள்.
பதினாறு வருடம் கொலுசுக்குப் பற்றவைத்த கை,
விரல்நுனியில் ரேகை தேய்ந்திருந்தது.
ஒரு மூலையை உரசினாள்.
"முலாம்."
என் முதலாளிக்கு அந்த ஒரு சொல்
லட்ச ரூபாய் நட்டம்.

போகத் திரும்பியவள்
கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே
கிளியின் காலுக்குக் குனிந்தாள்.
"இத எங்க பத்த வச்சிருக்கான்?"
படந்தானேம்மா, என்றேன்.
"படந்தான். நகத்து அழுக்கைக்கூட விடாம போட்டிருக்கான்,
மூட்டுவாயை மட்டும் விட்டுருவானா?"

பார்த்தேன்.
அணில்மயிர்த் தூரிகையில் ஒரே சுற்று வெள்ளி.
வெட்டு இல்லை, வாய் இல்லை,
பொடி வைத்து ஊதிய வடு இல்லை.
வளையம் பாதத்தைவிடச் சிறிது.

"அப்ப இது குஞ்சுல போட்டது"
காதுகுத்துத் தேதி சொல்வதுபோல் சொன்னாள்.
"வெரலு குச்சியா இருக்கறப்பவே நொழைச்சிடணும்.
அப்புறம் காலு தானா பெருத்துக்கும்.
பத்தும் வேணாம், பூட்டும் வேணாம்.
கழட்டணும்னா வளையத்த அறுக்கணும். இல்லன்னா..."
முடிக்காமல் பையை மூடினாள்.
அஞ்சு ரோட்டில் அவளுக்கு பஸ்.

பொடி வைத்துப் பேசுவதே என் பிழைப்பு.
பொடியே வைக்காமல் ஒருத்தன் பேசியது
காதில் விழவில்லை.

தூது போனதில்லை இது.
காமன் ஏறியிருந்தால் இருவரும்
கிளையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.
சிறகுக்கு முன்னால் வளையம் வந்த கிளிக்கு
அந்த முக்கால் தாள் என்ன?
கூண்டை அவன் வரையவில்லை என்றுதான்
இவ்வளவு நேரம் நினைத்தேன்.
கணுக்காலளவுக்குச் சுருக்கி வரைந்திருக்கிறான்.
மிச்சத்தையெல்லாம் காலியாக விட்டு
அதில் என்னைப் பறக்கவிட்டிருக்கிறான்.

வாலுக்குத் திரும்ப வந்தேன்.
நெல்லளவு.
வேட்கை என்பதை அடித்தேன்.
அந்த இடத்துக்கு வேறு சொல் வரவில்லை,
இன்னும் வரவில்லை.
சேர்வராயன் மலைப்பக்கம் இடி உருண்டது.
வாட்ச்மேன் வந்து விளக்கைப் போட்டதும்
கண்ணாடியில் என் முகம் விழுந்தது,
கிளி பார்க்கிற திசையில்.

குறிப்பு இப்போது இவ்வளவுதான்:
கிளி. தாளில் நீர்வண்ணம். காலில் வளையம்,
குஞ்சில் இட்டது. பற்றாசு இல்லை.
வரைந்தவர் பெயர் தெரியவில்லை.

பன்னிரண்டு சொல். முப்பத்தாறு ரூபாய்.
மீதி இருபத்தெட்டுக்கான இடத்தை
அட்டையின் இடப்பக்கம்
அப்படியே விட்டிருக்கிறேன்.